பல்லாவரம் கல்லும் புக்கிட் தீமா கல்லும்: ஆழ மேலோட்டின் பூர்வீகம் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று ஏறுகிறோம். நான் சென்னையில் நிலவியல் படித்தவன். இங்கே கட்டுமானத்துக்கு முன் துளை போட்டு எடுக்கும் மண்ணையும் கல்லையும் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் பிழைப்பு. அதனால் ஏறும்போது ஒரு கேள்வி, இறங்கி ஹிண்ட்ஹீடு கற்குழி ஓரம் நிற்கும்போது ஒரு கேள்வி, அப்புறம் பியூட்டி வோர்ல்டில் தேத்தண்ணி குடிக்கும்போது நாலு கேள்வி என்று வந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆழ மேலோடு என்றால் எவ்வளவு ஆழம்?

நாம் நிற்கும் கண்ட மேலோட்டின் தடிமன் சராசரியாக 40 கிலோமீட்டர். திபெத் போன்ற இடங்களில் 70 வரை போகும். அதை மேல், நடு, அடி என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஏறத்தாழ 20, 25 கிலோமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான் ஆழ மேலோடு என்கிறோம். அதற்கும் கீழே மேன்டில் என்ற தடித்த, சூடான பாறை அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் நிலநடுக்க அலையின் வேகம் சட்டென்று கூடும் எல்லையை 1909இல் மோஹோரோவிசிச் என்ற குரோவேஷிய விஞ்ஞானி கண்டுபிடித்தார். சுருக்கமாக மோஹோ.

"அண்ணே, இதெல்லாம் யார் போய்ப் பார்த்தது?"

யாரும் போகவில்லை. மனிதன் தோண்டியதிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது: 12,262 மீட்டர். 1970இல் தொடங்கி, 1989இல் அந்த ஆழத்தைத் தொட்டார்கள். அதுவே மேலோட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. நம் ஜூரோங் பாறைக் குகைகள் தரைக்குக் கீழே 130 மீட்டர்; அதற்கே நாம் மார்தட்டிக்கொள்கிறோம்.

ஆகவே மூன்று குறுக்கு வழிகள். ஒன்று, எரிமலைக் குழம்பு மேலே வரும்போது வழியில் பிய்த்துக்கொண்டு வரும் ஆழத்துக் கல் துண்டுகள். இரண்டு, கண்டங்கள் மோதி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அடிமேலோடே வெளியே தலைகாட்டும் இடங்கள்: இத்தாலியின் இவ்ரேயா, பாகிஸ்தானின் கோஹிஸ்தான், அப்புறம் நம் தமிழ்நாட்டின் பெரும்பகுதி. மூன்று, ஆழத்தில் உருகி மேலே வந்து உறைந்த கருங்கல், அதாவது கிரானைட். புக்கிட் தீமா அந்த மூன்றாம் வகை.

நிலநடுக்க அலைகளும் உதவும். ஆனால் அலை வேகம் ஒன்றையே வைத்துக்கொண்டு இது இன்ன பாறை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே வேகம் காட்டும் பாறைகள் பல.

உருகி வந்த கல்லைப் பார்த்து, அடியில் இருப்பதை எப்படிச் சொல்கிறீர்கள்?

ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெளிவு, கீழே மண்டி. தெளிவை மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும், நாக்கு தேறியவர் பருப்பு போட்டதா, வெறும் புளி ரசமா, மிளகு தட்டிப் போட்டதா, பொடி போட்டதா என்று சொல்லிவிடுவார். மண்டியைப் பார்க்கவே வேண்டாம்.

பாறையும் அப்படித்தான். அடிமேலோடு சூடாகும்போது முழுவதும் உருகாது, ஒரு பங்குதான் உருகும். அந்த உருகல் மேலே ஏறி ஆறினால் கருங்கல். உருகாமல் தங்கியது மண்டி. எந்தத் தனிமம் தெளிவோடு போகும், எது மண்டியில் தங்கும் என்பதற்கு அழுத்தம், வெப்பம், அங்கே இருக்கும் கனிமம் என்று கறாரான விதிகள் உண்டு. கருங்கல்லில் எது குறைகிறதோ அது கீழே எங்கோ தங்கியிருக்க வேண்டும்.

எந்தத் தனிமத்தைப் பார்ப்பீர்கள்?

ஒரு மாதிரியில் ஐம்பது தனிமம் வரை அளக்கலாம். எனக்குப் பிடித்தவை மூன்று.

முதலாவது யூரோப்பியம். அரிய மண் தனிமங்கள் என்ற குடும்பத்தில் லந்தனம் முதல் லுட்டேசியம் வரை எல்லாரும் ஒரே சாயல், ஒரே குணம். யூரோப்பியம் மட்டும் கொஞ்சம் வேறு. மற்றவர்கள் மூன்று மின்னேற்றத்தோடு திரியும்போது இது இரண்டோடும் இருக்கும். அப்போது கால்சியம் போலவே நடந்துகொண்டு, பிளஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தில் கால்சியம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த ஃபெல்ஸ்பார் மண்டியில் தங்கினால், மேலே வரும் கருங்கல்லில் யூரோப்பியம் குறையும். தனிமங்களை வரிசையாகக் குறித்த கோட்டுப்படத்தில் அந்த இடத்தில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம். உலகம் முழுவதும் மேல் மேலோட்டின் பாறைகளில் இந்தப் பள்ளம் உண்டு. எரிமலை கொண்டுவந்த அடிமேலோட்டுத் துண்டுகளிலோ அதே இடத்தில் மேடு. மேலே காணாமல் போனது கீழே அகப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேலே குறைவதையும் கீழே கூடுவதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகவில்லை. கீழே இருக்க வேண்டிய அளவு யூரோப்பியம் இல்லை. மண்டியில் ஒரு பகுதியை யாரோ கொட்டிவிட்டார்கள். யார், எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது இட்டர்பியம். இதற்கு கார்னெட் மேல் அவ்வளவு ஆசை. நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, அது கார்னெட் குடும்பம்தான். மேலோட்டின் அடிப்பகுதி போல அழுத்தம் கூடிய இடத்தில்தான் உருகாத மண்டியில் கார்னெட் நிறையச் சேரும். ஆகவே ஒரு கருங்கல்லில் லந்தனம் தாராளமாகவும் இட்டர்பியம் கஞ்சத்தனமாகவும் இருந்தால், அது பிறந்த இடம் ஆழமானது, அங்கே கார்னெட் இருந்தது என்று பொருள். ஒரே விகிதம் ஆழமானி போல வேலை செய்கிறது.

மூன்றாவது நியோபியம். கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் செருகும்போது, அதிலிருந்து கசியும் நீர் பேரியம், ஈயம், ருபீடியம் என்று பலவற்றை மேலே ஏற்றிவிடும். நியோபியமும் டான்டலமும் மட்டும் அசையாமல் தங்கிவிடும். அந்தக் குறை, தட்டு செருகும் இடத்தின் மேலே வரிசையாக எழும் எரிமலை வளைவுகளின் முத்திரை. கண்ட மேலோட்டை மொத்தமாக எடுத்துப் பார்த்தாலும் இதே முத்திரை தெரிகிறது. கண்டத்தின் பெரும்பகுதி ஜப்பான், சுமத்ரா மாதிரி இடங்களில்தான் வார்க்கப்பட்டது என்று சொல்வதற்கு இது முக்கியமான சான்று.

பல்லாவரத்துக் கல்லில் என்ன விசேஷம்?

சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது சன்னலோரம் இருந்தால் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் கண்ணில் படும். சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம் பறந்து போய் முதலில் பார்ப்பது அடிமேலோட்டை என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கல்லின் பெயர் சார்னோகைட். பெயர் வந்த விதம் வேடிக்கை. 1690களில் கொல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னோக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு, மதராசிலிருந்து ஒரு கற்பலகை போனது. இருநூறு ஆண்டு கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை வைத்தே பாறைக்குப் பெயரிட்டார். கல் பரங்கிமலைக் கல், பெயர் கொல்கத்தாக்காரர் பெயர். பல்லாவரைட் என்று வைத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

உடைத்த புது முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு, கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம். குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லாமல் புகைபிடித்தது போல இருக்கும். வெயிலும் மழையும் பட்ட வெளிப்புறம் மட்டும் பழுப்பு. உள்ளே ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கனிமம் இருக்கும். அதுதான் அடையாளச் சீட்டு. சாதாரணக் கருங்கல்லில் அந்த இடத்தில் நீரை உள்ளே அடக்கிய பயோடைட்டோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும். சார்னோகைட்டில் அந்த ஈரம் வற்றிவிட்டது. 700, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்தால்தான் அப்படி வற்றும்.

சரி, அது 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

கார்னெட்டும் பைராக்சீனும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடி எடுத்து, இரண்டிலும் இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் எவ்வளவு என்று எலக்ட்ரான் கற்றையால் அளப்பார்கள். இரண்டு கனிமமும் இந்தத் தனிமங்களை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. ஆய்வகத்தில் அதே கனிமங்களை அழுத்தி வேகவைத்துப் பார்த்த அட்டவணையோடு ஒப்பிட்டால் விடை வரும். நீலகிரிக்கும் பல்லாவரத்துக்கும் வரும் விடை 20இலிருந்து 30 கிலோமீட்டர் ஆழம்.

இதில் ஒரு திகைப்பு உண்டு. 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல் இன்று மேலே இருக்கிறது. ஆனாலும் அதற்குக் கீழே இன்னும் 35, 40 கிலோமீட்டர் மேலோடு பாக்கி இருக்கிறது. அப்படியானால் அன்றைக்குத் தமிழ்நாடு திபெத் கணக்காய்த் தடித்துக் கிடந்ததா, அல்லது பின்னால் அடியில் புதிதாக ஏதாவது வந்து ஒட்டியதா? முதுகலை வகுப்பில் கேட்ட இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

வயதை எப்படிச் சொல்கிறீர்கள்?

சிர்கானை வைத்து. மணல் பருக்கையை விடச் சின்ன ஒரு கனிமம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே பருக்கையில் இரண்டு கடிகாரம்; ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுப் பருக்கைகூடக் கிடைத்திருக்கிறது.

பல்லாவரம் கல்லுக்கு சுமார் 250 கோடி ஆண்டு. புக்கிட் தீமா கருங்கல்லின் பெரும்பகுதிக்கு ஏறக்குறைய 24 கோடி ஆண்டு, அதாவது டிரயாசிக் காலம். பத்தில் ஒரு பங்குதான். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் கனமான மணல், அந்த ஆழப் பாறைகள் கரைந்து வந்த கார்னெட்டும் சிர்கானும் மோனசைட்டும் கலந்ததுதான். சிறுவயதில் அதைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து திட்டு வாங்கியவன் நான்.

ஆனால் சிர்கான் சொல்வது பாறை உறைந்த வயது. அந்தச் சரக்கு மேன்டிலை விட்டு எப்போது வெளியே வந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு சமாரியமும் நியோடிமியமும் வேண்டும். சமாரியம்-147 மெல்ல மெல்ல நியோடிமியம்-143 ஆகும். பாதியாக 10,600 கோடி ஆண்டு, பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு. மேன்டில் உருகும்போது நியோடிமியம் கொஞ்சம் கூடுதலாக உருகலோடு போகும். அதனால் மேலோட்டில் நியோடிமியம்-143 சேரும் வேகம் அதன் பிறகு மந்தமாகும். எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்தால் எப்போது பிரிந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். மலாய்த் தீபகற்பத்துக் கருங்கற்களில் இந்தக் கணக்கு 100 கோடி ஆண்டைத் தாண்டுவது சகஜம். புது ரசம்தான், ஆனால் பழைய புளி. அடியில் பழைய மேலோடு ஒன்று இருந்து, அது புது உருகலில் கலந்திருக்கிறது.

தீமா என்றால் மலாயில் வெள்ளீயமாமே. மலையில் வெள்ளீயம் உண்டா?

இல்லை. தெமாக் என்ற மரத்தின் பெயர் மருவி இப்படி ஆனது என்றும் சொல்வார்கள். ஆனால் ஏன் இல்லை என்பதற்கு வேதியியலிலேயே விடை இருக்கிறது.

மலாய்த் தீபகற்பத்தின் நடுவே பெந்தோங், ராவுப் ஊர்கள் வழியாக ஒரு தையல் ஓடுகிறது. இரண்டு நிலத்துண்டுகளுக்கு நடுவே இருந்த பழைய டெதிஸ் கடல் மூடிய தழும்பு அது. அந்தக் கடல்தட்டு கிழக்குத் துண்டின் அடியில் செருகியபோது பிறந்தவை கிழக்குப் பட்டைக் கருங்கற்கள். புக்கிட் தீமாவும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவும் அந்தச் சொந்தம். மேற்கே ஈப்போ, கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவை, மோதலின்போது ஆழத்துக்குப் போன பழைய களிமண் படிவுகள் உருகி வந்த சாயல் கொண்டவை.

1974இல் ஆஸ்திரேலியாவில் சாப்பல், ஒயிட் இருவரும் இந்த இரண்டு வகைக்கும் ஐ வகை, எஸ் வகை என்று பெயர் வைத்தார்கள்: தீப்பாறை உருகி வந்தது ஒன்று, படிவுப்பாறை உருகி வந்தது மற்றொன்று. ஸ்ட்ரான்ஷியம்-87க்கும் 86க்கும் உள்ள தொடக்க விகிதம் 0.708ஐத் தாண்டினால் படிவின் வாடை என்பது அவர்கள் போட்ட கோடு. அந்தக் கோடு அவ்வளவு சுத்தமானது அல்ல, நடுவில் கலப்பு ஏராளம் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். இருந்தாலும் மோட்டாமோட்டமாக உதவும். வெள்ளீயம் மேற்குப் பட்டையோடு போயிற்று. நமக்கு வாய்த்தது நல்ல கட்டுமானக் கல். 1851இல் பெத்ரா பிராங்காவில் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபின் கல்தான் போனது. ஜோகூர் கடற்பாலத்திலும் உபின் கல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அதன்மேல் இரண்டு மணி நேரம் நகராமல் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியில், ஆழ மேலோடு எங்கிருந்துதான் வந்தது?

இதைத்தான் எல்லாரும் ஒரே வரியில் கேட்கிறார்கள். ஒரே வரியில் விடை இல்லை.

சிக்கல் இது. மேன்டில் உருகினால் கிடைப்பது பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை. அதில் சிலிக்கா சுமார் 50 சதவீதம். ஆனால் கண்ட மேலோட்டின் மொத்தச் சராசரி சுமார் 61. மேல்பகுதியில் 67, அடியில் 53 என்பது ரட்னிக்கும் காவோவும் 2003இல் தொகுத்த கணக்கு. பசால்ட்டைக் கொட்டிக் கட்டிய வீட்டின் சராசரி எப்படி 61 ஆகும்? கனமான பங்கு ஒன்று வெளியே போயிருக்க வேண்டும்.

அதைத்தான் மண்டி கொட்டுவது என்று சொன்னேன். கார்னெட்டும் பைராக்சீனும் நிறைந்த மண்டியின் அடர்த்தி கீழே இருக்கும் மேன்டிலைவிடக் கூடிவிட்டால், அது பிய்ந்து கீழே விழுந்துவிடும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இதற்கு அழகான தடயம் உண்டு. சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு முன் வந்த எரிமலைக் குழம்பு, கார்னெட் நிறைந்த கனமான துண்டுகளை அள்ளி வந்தது. 30, 40 லட்சம் ஆண்டுக்கு முன் அதே வட்டாரத்தில் வந்த குழம்பில் அந்தத் துண்டுகளே இல்லை. வெறும் மேன்டில் கல். இடையில் அடித்தளம் கழன்று விழுந்துவிட்டது. யூரோப்பியம் கணக்கில் காணாமல் போன பங்கும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இன்னொரு கட்சி வேறு மாதிரி சொல்கிறது. செருகும் தட்டோடு கீழே போன லேசான சரக்கு, வண்டல், வளைவுத் தீவுகளின் துணுக்கு எல்லாம் ஆழத்தில் சூடாகி, மிதந்து, மேலோட்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். 2011இல் ஹேக்கர், கெலமன், பென் மூவரும் இதை விரிவாக முன்வைத்தார்கள். அப்படியானால் அடிமேலோடு 53 சதவீதமாக இருக்க வேண்டியதில்லை, அறுபதைத் தாண்டலாம்.

சாட்சிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதுதான் இதில் சுவாரசியம். எரிமலை கொண்டுவந்த துண்டுகளில் பெரும்பாலானவை பசால்ட் சாயல். பல்லாவரம் மாதிரி வெளியே தெரியும் நிலங்களோ பெரும்பாலும் கருங்கல் சாயல். என் பார்வையில் இரண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கின்றன. கனமானது மேலே எழும்பாது. ஆகவே நிலமாக எழுந்து வந்ததெல்லாம் லேசானதாகத்தான் இருக்கும். எரிமலை வரும் இடத்திலோ ஏற்கனவே பசால்ட் குழம்பு ஏறி அடியை நிரப்பியிருக்கும். துண்டும் அப்படித்தான் வரும். யாராவது ஒரு கல்லைக் காட்டி இதுதான் ஆழ மேலோடு என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

அளவீட்டில் தப்பு வராதா?

வரும், கல்லை அரைக்கும் இடத்திலேயே வரும். மாணவனாக இருந்தபோது எட்டு சார்னோகைட் மாதிரிகளை டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்துக் கொடுத்தேன். ஆய்வக அண்ணன் ஒருவர்தான் அதில் சீக்கிரம் அரையும் என்றார். முடிவு வந்தபோது டான்டலம் எக்கச்சக்கம், கோபால்ட் அதைவிட. நாலு நாள் நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கல்லோட கதை இல்ல, கிண்ணத்தோட கதை" என்றார். பிறகு அகேட் கிண்ணத்தில் எட்டையும் மறுபடி அரைத்தேன். ஒரு வாரம் தோள்பட்டை வலி.

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையல் மேடையில் "காஷ்மீர் ஒயிட்" கிரானைட் போட்டிருக்கிறோம். அதுவும் இதில் சேருமா?

சேரும், ரொம்ப நெருங்கிச் சேரும். பெயர்தான் காஷ்மீர்; கல் வருவது தமிழ்நாட்டிலிருந்து. கடை வழக்கில் கிரானைட் என்கிறார்கள். நிலவியலில் அது கிரானுலைட், ஆழ மேலோட்டில் வெந்த பாறை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். வெள்ளையில் கடுகளவிலிருந்து மிளகளவு வரை சிவப்புப் பொட்டுகள் தெரியும். அவை கார்னெட். இட்டர்பியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அதே ஆசாமி. பொட்டைச் சுற்றி மஞ்சள் கறை மாதிரி தெரிந்தால் மஞ்சள்தூள் என்று தேய்க்க வேண்டாம். கார்னெட்டில் இருக்கும் இரும்பு துருப்பிடிப்பதாக இருக்கலாம். எலுமிச்சையும் வினிகரும் அதை மோசமாக்கும்.

புக்கிட் தீமாவிலிருந்து ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா?

கூடாது. அது இயற்கை வனப்பகுதி. கல், இலை, எதையும் எடுக்க அனுமதி இல்லை. தவிர, பாதையோரம் கிடப்பதில் பெரும்பாலும் இந்த வெக்கையிலும் மழையிலும் உளுத்துப்போனது. அதை அரைத்து அளந்தால் கால்சியமும் சோடியமும் கரைந்து போயிருக்கும், ஒன்றும் தேறாது. நல்ல கல் வேண்டுமென்றால் ஊருக்குப் போகும்போது பல்லாவரத்தில் வீடு கட்டும் இடத்தில் ஜல்லிக் குவியல் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய் மினுக்கம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கைப்பையில் வைக்க வேண்டாம், ஸ்கேனரில் நிறுத்தி, இது என்ன என்று கேட்பார்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.